மூடியை மட்டும் திறக்காதே

வில்கமுவ
12.01.2024

ஜெஸ்லாவின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, அதனால் சொல்லியிருக்கிறேன். வேறு அர்த்தம் எடுக்க வேண்டாம்.

உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. தங்கச்சி அபீபா நேரம் கெட்ட நேரத்தில் போனைக் கொண்டுவந்து என் காதில் வைக்கப் பார்க்கிறாள். நீதான் சொல்லிக் கொடுத்திருப்பாய். அது நடக்காது. சொல்ல வேண்டியதை எழுதி, மாத்தளையிலிருந்து வரும் பகல் பஸ் கொண்டக்டர் ஜயசேனவிடம் கொடு. தபாலைவிட வேகமாகக் கொண்டுவருவான்.

அன்று வாசலில் நின்று நான் சொன்னது மறந்திருந்தால் திரும்ப எழுதுகிறேன். "வல்லாஹி, இந்தக் கார் என்னத் தேடி வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் இந்த வாசல மிதிக்க மாட்டேன், உன்னோட பேசவும் மாட்டேன்." அதில் ஒரு சொல்லும் மாறவில்லை. நான் கடைக்குப் போய் வருவதற்குள் எவனோ ஒருவனை விலை பேச வரவழைத்து, என் மொரிஸ் மைனரில் என் ஸீட்டில் உட்கார வைத்து, ஹோனையும் அடித்துப் பார்க்க விட்டாய். கண்டியிலிருந்து மருமகன் இப்திகார் யோசனை சொல்வான், நீ தலையாட்டுவாய். நான் யார்? அந்த வீட்டில் மூலையில் கிடக்கும் சாமானா?

மிளகும் கொக்கோவும் ஏற்றி இந்தக் குடும்பத்தை நிறுத்திய கார் அது. ஒரு கராஜிலும் நின்று நான் வேலை பழகவில்லை. இங்கிலிஷ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அகராதி பார்த்துப் பார்த்து, அந்த எஞ்சினை நானே கழற்றி நானே பூட்டியிருக்கிறேன். உனக்கு அது பழைய இரும்பு.

இரண்டு நாளைக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டரி இறந்துவிடும். பக்கத்து வீட்டு ஸக்கரியாவிடம் சாவியைக் கொடு. ஸ்டார்ட் மட்டும்தான், ஓட்டக் கூடாது. நீ ஸ்டியரிங் பக்கமே போக வேண்டாம்.

கட்டிக்கொள்ள நீலச் சாரத்தையும் கண் மருந்தையும் அனுப்பு.

இப்படிக்கு,
எம். பலீல்

*

மந்தண்டாவளை, மாத்தளை
17.01.2024

ஜெஸ்லாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு. நீங்கள் பாதியில் நிறுத்தியதை நான் முழுதாகச் சொல்லியிருக்கிறேன்.

நான் சுகம். ஜெஸ்லாவும் பிள்ளைகளும் சுகம். சாரம், கண் மருந்து, இரண்டு பெனியன், கொஞ்சம் மாசிக் கருவாட்டுத் தூள் எல்லாம் ஜயசேனவிடம் கொடுத்திருக்கிறேன். நீங்கள் போன அந்த ஒரே சட்டையோடு இவ்வளவு நாளும் இருக்கிறீர்கள் என்று நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைக் கழற்றி அபீபாவிடம் துவைக்கக் கொடுங்கள்.

நீங்கள் சொன்னபடி ஸக்கரியாவிடம் சாவியைக் கொடுத்தேன். மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இருமுகிற மாதிரிச் சத்தம்கூட இல்லை. பள்ளிவாசல் இறக்கம் வரைக்கும் நாலைந்து பேர் தள்ளியும் பார்த்தார்கள். திரும்ப மேலே தள்ளிக்கொண்டு வந்ததுதான் மிச்சம். ஸக்கரியா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ராத்தா, இதுவும் மச்சானோட சேந்து சத்தியம் பண்ணிட்டு போல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உள்ளே வந்தபோது சிரிப்பு வரவில்லை.

அன்று வாங்க வந்தவர் சாவியைத் திருப்பியபோதும் இதே கதைதான். அதனால்தான் அவர் ஹோனை அடித்துப் பார்த்தார்.

கார் வந்தால்தான் நீங்கள் வருவீர்கள், கார் ஸ்டார்ட் ஆகாது என்றால் நான் என்ன செய்ய? பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் ஆளனுப்பிக் கேட்டேன். பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தால் சத்தியத்திலிருந்து மீளலாமாம். "பலீல் நானாட்ட சொல்லுங்க, இதுக்கெல்லாம் மார்க்கத்துல வழி இரிக்கி" என்றாராம். சொன்னால் நானே சமைக்கிறேன். நோன்புக்கு முன்னால் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஜெஸ்லாவின் உம்மா

*

வில்கமுவ
21.01.2024

ஜெஸ்லாவின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹஸ்ரத் சொன்னது சட்டம். நான் சொன்னது வாக்கு. சோறு போட்டு முறித்துக்கொள்கிற வாக்கை நான் கொடுப்பதில்லை. கார் வரட்டும்.

ஊரைக் கூட்டித் தள்ள வைத்தது யார் யோசனை? கியர் பெட்டிக்கு என்ன ஆகும் என்று ஒருவனாவது நினைத்தானா? இனி எதையும் நான் எழுதுகிற ஒழுங்கில் செய்.

முதலில் பெட்டரியைப் பார். இந்தக் காருக்கு பொசிட்டிவ் வயர்தான் பாடியில் பிடிக்கும். இப்போதுள்ள கார்களுக்கு நெகட்டிவ். ஸக்கரியா கழற்றியிருந்தால் மாற்றிப் பூட்டியிருப்பான். பிறகு சாவியைப் பாதி திருப்பிவிட்டுக் காது கொடுத்துக் கேள். பெற்றோல் பம்ப் டக் டக் என்று அடித்துவிட்டு நிற்க வேண்டும். அடிக்காவிட்டால் ஸ்பேனர் பிடியால் பம்பின் மேல் மெதுவாகத் தட்டு. மெதுவாக என்றால் மெதுவாக. அது சரியென்றால் மின்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கொயிலின் நடுவிலிருந்து போகும் தடித்த வயரை மறுமுனையில் இழுத்து, காய்ந்த துணியால் பிடித்து, இரும்புக்குப் பக்கத்தில் காட்டு. ஸக்கரியா செல்ப் அடிக்கட்டும். நீலப் பொறி பாய வேண்டும். பிறகு பிளக் வயர் ஒன்றைக் கழற்றி அதே மாதிரிப் பார்.

அந்தத் தடித்த வயரும் நான்கு பிளக் வயர்களும் போய்ச் சேருகிற இடத்தில் ஒரு கறுப்பு மூடி இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் என்று சொல்வது. அந்த மூடியை மட்டும் திறக்காதே. உள்ளே எல்லாம் மயிரளவு கணக்கு. கை பட்டால் டைமிங் போய்விடும், பிறகு நான் வந்தாலும் சரிசெய்ய முடியாது. ஸக்கரியாவையும் திறக்க விடாதே.

சட்டையைத் துவைத்தாயிற்று. அதைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம்.

எம். பலீல்

*

மந்தண்டாவளை
26.01.2024

ஜெஸ்லாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தைப் பொனட்டின் மேல் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு தேங்காயை வைத்து, எல்லாவற்றையும் நானே செய்தேன். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை காலத்தில் அந்தப் பொனட்டுக்குள் நான் தலையை விட்டது இதுதான் முதல் தடவை. உள்ளே இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. உங்கள் அலுமாரி அப்படி இல்லையே.

பெட்டரி சரி, வயர் மாறவில்லை. பம்ப் பல்லி சொல்கிற மாதிரி அடித்துவிட்டு நின்றது. கொயில் வயரில் நீலப் பொறி வந்தது. நான் கத்திவிட்டேன். ஸக்கரியா பயந்து ஸீட்டிலிருந்து குதித்து, "ராத்தா, உசிரோட இரிக்கிறீங்களா?" என்று ஓடிவந்தான். ஆனால் பிளக் வயரில் ஒன்றுமில்லை. நான்கிலும் பார்த்தேன்.

எனக்கு எஞ்சின் தெரியாது. ஆனால் முன் வாசலால் உள்ளே போனவன் பின் வாசலால் வெளியே வராவிட்டால் வீட்டுக்குள்ளேதானே அகப்பட்டிருக்க வேண்டும்? பொறி அந்தக் கறுப்பு மூடிக்குள் போகிறது. வெளியே வரவில்லை. அங்கேதான் நீங்கள் கை வைக்க வேண்டாம் என்கிறீர்கள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நேரில் சொன்னால் நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள், கடிதத்தை விட்டு எழும்ப முடியாது. காரை விற்கப் பார்த்தது பெற்றோலுக்காக அல்ல, இப்திகார் சொன்னதற்காகவும் அல்ல. போன மழைக்காலத்தில் சந்தியில் நின்ற ஆட்டோவை நீங்கள் காணவில்லை. இடித்த பிறகுதான் கண்டீர்கள். அந்தப் பையன் எழும்பி நடந்தது அல்லாஹ்வின் காவல். கண் டொக்டர் ஒபரேஷன் செய்தால் சரியாகும் என்றார். நீங்கள், "அவனுக்கு என்னா தெரியும், எங்கண்ணு எனக்குத் தெரியாதா?" என்று வந்துவிட்டீர்கள். உங்களை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. காரை நிறுத்தினால் நீங்கள் நிற்பீர்கள் என்று நினைத்தேன். உங்களிடம் கேட்காமல் ஆளை வரவழைத்தது பிழைதான். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதும் தெரிந்ததுதான்.

உங்கள் கடைசிக் கடிதத்தில் இரண்டு வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன.

ஜெஸ்லாவின் உம்மா

*

வில்கமுவ
30.01.2024

ஜெஸ்லாவின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

என் கண்ணைப் பற்றி எழுத வேண்டாம். வரி ஏறியது கண்ணால் அல்ல. இங்கே எழுத ஒரு நல்ல மேசை இல்லை. அபீபாவின் வீட்டில் எந்த மேசையும் நான்கு காலில் நிற்பதில்லை.

சந்தியில் அவன் ஆட்டோவை நிறுத்திய இடம் பிழை. அதை ஒருவரும் பேசுவதில்லை.

பொறி கொயிலில் வந்து பிளக்கில் வராவிட்டால் வயரில் பிழை. உள்ளே கம்பி இற்றுப்போயிருக்கும். நான்கு வயர்களையும் மாற்று. ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் பூட்டு, ஒழுங்கு மாறக் கூடாது. மாத்தளையில் காலையில் பனி இறங்குகிறது, ஈரத்தாலும் இப்படி ஆகும். வெயில் நன்றாக வரும்வரைக்கும் பொறு. மூடியைத் திறக்காதே என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன். ஒரு விஷயத்தை இரண்டு தரம் எழுத வைக்கிறாய்.

இங்கே வயல் அறுப்புக்கு நிற்கிறது. யானைக்குப் பயந்து ஆண்கள் எல்லாரும் காவலுக்குப் போகிறார்கள். என்னைக் கூப்பிடுவதில்லை. "நானா, நீங்க இரிங்க" என்கிறாள் அபீபா. எங்கே போனாலும் எனக்கு இரி என்றுதான் சொல்கிறார்கள். நேற்று ஒருவனின் ட்ராக்டர் ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. போய்ப் பார்த்து டீசல் குழாயில் காற்றை எடுத்துவிட்டேன், ஓடியது. கீரை ஒரு கட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

நீ சாப்பிடுகிறாயா? ஒரு ஆளுக்கு என்று சமைக்காமல் விட்டுவிடுவாய்.

எம். பலீல்

*

மந்தண்டாவளை
09.02.2024

ஜெஸ்லாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் பிந்திவிட்டது, வேலை கொஞ்சம் கூடிப்போயிற்று.

நான்கு வயர்களையும் ஒழுங்கு மாறாமல் மாற்றினேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போது கார் கராஜுக்குள்தான் நிற்கிறது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நான் சாப்பிடுகிறேன். அடுத்த தெரு நுஸ்லா பின்னேரங்களில் வருகிறாள். ஸ்கூட்டரில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாளே, அவள்தான். வந்தால் சேர்ந்து சாப்பிடுகிறோம்.

கண் மருந்து முடிந்தால் எழுதுங்கள்.

ஜெஸ்லாவின் உம்மா

*

வில்கமுவ
16.02.2024

ஜெஸ்லாவின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.

இவ்வளவு சிறிய கடிதத்துக்கு ஜயசேன ஏன் அலைய வேண்டும்? கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். கார் நின்றுபோனால் எனக்குக் கவலை இல்லாமல் வேறு யாருக்குக் கவலை? விற்றுவிட்டாயா? நேராக எழுது.

நான் யோசித்தேன். கார் என்னைத் தேடி வர வேண்டும் என்றுதான் சத்தியம் செய்தேன். தானாக ஓடி வர வேண்டும் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. லொறியில் ஏற்றி வந்தாலும் வந்ததுதான். ஸக்கரியாவுக்குத் தெரிந்த லொறிக்காரன் ஒருவன் இருக்கிறான். ஏற்றும்போது பம்பரில் கயிறு போடக் கூடாது, அச்சில் போட வேண்டும். இங்கே கொண்டுவந்து இறக்கினால் நான் பார்த்துக்கொள்வேன். எனக்கு ஐந்து நிமிடம் போதும்.

நோன்பு வருகிறது. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு உன்னை யார் எழுப்புவார்கள்? அலாரத்துக்கு எழும்புகிற ஆளில்லை நீ. அதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் படுப்பாய்.

எம். பலீல்

*

மந்தண்டாவளை
29.02.2024

ஜெஸ்லாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.

காரை விற்கவில்லை. வாங்க வந்தவருக்கு, நீங்கள் வீட்டை விட்டுப் போன கிழமையே இல்லை என்று சொல்லிவிட்டேன். லொறியும் தேவையில்லை. கார் ஓடுகிறது.

மூடியைத் திறந்தேன். வயர் மாற்றியும் சரிவராத அன்றைக்கே திறந்தேன். இரண்டு பக்கமும் கிளிப், ஒரு ஸ்க்ரூ டிரைவர் நுனி போதும். உள்ளே நடுவில் ஒரு தண்டு மொட்டையாக நின்றது. அதன் தலையில் ஏதோ இருக்க வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. படம் பிடித்துக்கொண்டு திருகோணமலை வீதிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "ரோட்டரக் காணோம் உம்மா. பொறிய நாலு பக்கமும் பிரிச்சிக் குடுக்கிறது அதுதான். அது தானா விழாது, யாரோ கழட்டியிரிக்காங்க. களவு போகாம இரிக்க அந்தக் காலத்து ஆக்கள் இப்படித்தான் சட்டப்பைல போட்டுட்டுப் போவாங்க" என்றார்.

பாதை முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். அன்று ஆள் வருகிற பேச்சு எப்படியோ உங்கள் காதில் விழுந்திருக்கிறது. வாங்க வருகிறவருக்குக் கார் ஸ்டார்ட் ஆகக் கூடாது என்று காலையிலேயே கழற்றியிருக்கிறீர்கள். பிறகு கோபத்தில் அதை மறந்து, அதே சட்டையோடு பஸ் ஏறிவிட்டீர்கள். காரை ஸ்டார்ட் பண்ணி வை என்று முதல் கடிதத்தில் எழுதியபோது உங்களுக்கு அது நினைவில்லை. இரண்டாவது கடிதத்தில்தான் மூடியைத் திறக்காதே என்று வந்தது. இடையில் அபீபா சட்டையைத் துவைத்திருக்கிறாள். அவளிடம் போனில் கேட்டேன். "ஓ மதினி, கறுப்பா ஒரு சாமான் பைக்குள்ள கெடந்திச்சி. எடுத்துக் குடுத்தா வெடுக்குன்னு பறிச்சிக்கிட்டு, ஆர்ட்டயும் சொல்லாதேன்னாரு. நான் ஏதோ மருந்தாக்கும்னு இரிந்திட்டேன்" என்கிறாள்.

கார் வந்து கூட்டிப் போக வேண்டும் என்று சத்தியம் செய்துவிட்டு, அது வருவதற்கான வழியைப் பையில் போட்டுக்கொண்டு போன மனிதர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு கராஜுக்குள் தனியாக நின்று சிரித்தேன். அனுப்பி வைத்தால் பிழையை ஒப்புக்கொண்டதாகும், அனுப்பாவிட்டால் வீட்டுக்கு வர முடியாது. எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீர்கள்.

புது ரோட்டரைப் போட்டதும் முதல் செல்ப்பிலேயே பிடித்தது. போன கடிதத்தில் கார் கராஜுக்குள் நிற்கிறது என்று எழுதினேனே தவிர, ஸ்டார்ட் ஆகவில்லை என்று எழுதவில்லை. வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். உங்களிடம் கற்றதுதான்.

ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் ஸக்கரியாவை ஓட்டி வரச் சொல்லியிருப்பீர்கள். வந்து இறங்கியதும் சாவியை நீங்கள் வாங்கியிருப்பீர்கள். அதே சந்தி, அதே கண். என் வாப்பாவின் வேனை ஓட்டி லைசன் எடுத்தவள் நான் என்பது உங்களுக்கு நினைவிருக்கிறதா? கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. நான் கேட்கவும் இல்லை. அந்த லைசனைப் புதுப்பித்தேன். நுஸ்லா பக்கத்தில் உட்கார, பின்னேரங்களில் உக்குவளை வரைக்கும், பிறகு ரத்தோட்டை வரைக்கும் ஓட்டிப் பழகினேன். வழியில் ஒரு சிங்களப் பெரியவர் கையைக் காட்டி நிறுத்தி, "மஹத்தயா கோ?" என்று கேட்டார். ஐயா எங்கே என்கிறார். இந்தக் காரைக் கண்டால் எல்லாருக்கும் உங்கள் நினைவுதான் வருகிறது.

வருகிற மாதம் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, நான் வருகிறேன். காலையில் புறப்பட்டு ரிவர்ஸ்டன் மலைப் பாதை வழியாக வருவேன். நீங்கள் ஜும்ஆ முடிந்து வரும்போது அபீபாவின் வீட்டுக்கு முன்னால் கார் நிற்கும். உங்கள் சத்தியம் முறியாது. கார் தேடி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஓட்டுவது நான். உங்களுக்கு இடது பக்க ஸீட். பெருநாள் முடிந்த கிழமை கண் ஒபரேஷனுக்கு நாள் எடுத்திருக்கிறேன். அது முடிந்து டொக்டர் சரி என்றால் சாவியை நானே உங்கள் கையில் தருவேன். அதுவரைக்கும் இல்லை.

நான் காரை விட்டு இறங்க மாட்டேன். ஹோனை இரண்டு தரம் அடிப்பேன். நீங்கள் பேசவும் வேண்டாம். இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினால் போதும். ஏறாவிட்டால் அபீபாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். அதற்குப் பிறகு நான் எழுத மாட்டேன். இது சத்தியமல்ல. ஆனாலும் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
மஸூதா

*

வில்கமுவ
04.03.2024

மஸூதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.

இதோடு ஒரு சிறிய பொட்டலம் வைத்திருக்கிறேன். பழைய சாமான். எங்கே கிடந்தது என்பது முக்கியமில்லை. இப்போது கடையில் விற்கும் ரோட்டர்களை நம்ப முடியாது, சூடேறினால் வெடித்து நடுவழியில் நிறுத்திவிடும். இது அசல். வழிக்கு உதவும், டாஷ் போர்டுப் பெட்டிக்குள் வை.

அபீபா எப்போதும் உள்ளதைவிடக் கூட்டித்தான் சொல்வாள். அது உனக்கும் தெரியும்.

ரிவர்ஸ்டன் வழியாக வர வேண்டாம். நாவுலையால் திரும்பி எலஹெர வழியாக வந்தால் பாதை நேர். சொன்னால் கேட்க மாட்டாய் என்பதால் இதையும் எழுதுகிறேன். ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே. இது உண்மையாகவே திறக்கக் கூடாத மூடி. மேலே மேகம் இறங்கினால் லைட்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றுவிடு, அவசரமில்லை. இறக்கத்தில் இரண்டாம் கியருக்கு மேல் போகாதே, பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே. வழியில் நின்றுபோனால் ஒருவனையும் தள்ள விடாதே.

கண் மருந்து முடிந்துவிட்டது. டொக்டர் எழுதித் தந்த துண்டுச் சீட்டு அலுமாரியில் மேல் தட்டில் இருக்கிறது, அதையும் எடுத்து வை. நாள் எடுத்த பிறகு அதைக் கேட்பார்கள்.

இடது பக்க ஜன்னல் கண்ணாடியை இறக்குகிற பிடி இறுகிப்போயிருக்கும். அந்தப் பக்கம் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. வியாழக்கிழமையே கொஞ்சம் எண்ணெய் விட்டு வை.

பலீல்